சுறா கடிக்குமா, கடிச்சா என்ன பண்றது? சிட்னில இருந்து ஒரு எளிய விளக்கம்

ஆஸ்திரேலியால எங்கயாவது சுறா யாரையாவது கடிச்சுருச்சுன்னா இங்க எனக்கு நியூஸ் தெரியறதுக்கு முன்னாடி தூத்துக்குடில இருந்து அம்மா போன் வந்துரும். "ஏல, கடலுக்கு போவாத, புள்ளையையும் கூட்டிட்டு போவாத." கடிச்சது பெர்த் பக்கமா இருக்கும், நான் இருக்கிறது சிட்னில, நடுவுல 3000 கிலோமீட்டருக்கு மேல இருக்கும்மான்னு சொன்னா "எல்லாம் ஒரே தண்ணிதானல"ன்னு ஒரு பதில். அதுக்கு மேல என்னத்த பேசுறது. இதே அம்மாதான் என் தங்கச்சிக்கு புள்ள பொறந்தப்போ பால்சுறா எங்க கெடைக்கும்னு மார்க்கெட் மார்க்கெட்டா அலைஞ்சு வாங்கி புட்டு வச்சு குடுத்தவங்க, அந்த வகைல பாத்தா எங்க குடும்பத்துக்கும் சுறாவுக்கும் உள்ள கணக்குல பாக்கி எங்க பக்கம்தான் நிக்குது.

புதுசா இந்த ஊருக்கு வந்த ஃப்ரெண்ட்ஸும் இதையேதான் கேக்குறாங்க. பீச்சுக்கு போலாமா, சுறா வருமா, வந்தா மூக்குல குத்தணுமாமேன்னு. எல்லாத்துக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்ட வத்திப்போச்சு, அதனால ஒரே எடத்துல எழுதிடறேன்.

மொதல்ல நம்பர். அமெரிக்கால ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று மியூசியத்துல உலகம் முழுக்க நடக்குற சுறா கடிய கேஸ் கேஸா ஃபைல் போட்டு வச்சிருக்காங்க. அதுல ரெண்டு வகை பிரிப்பாங்க. ஒருத்தர் பாட்டுக்கு நீந்திட்டோ சர்ஃப் பண்ணிட்டோ இருக்கும்போது சுறாவா வந்து கடிச்சது ஒண்ணு. நாமளா வம்ப வெலைக்கு வாங்குனது இன்னொண்ணு, அதாவது ஈட்டி வச்சு மீன் குத்தப் போனது, தீனி போட்டது, வலைல மாட்டுன சுறாவ கழட்டப் போனது இந்த மாதிரி. மொத வகைல 2023ல 69 கடி, 2024ல 47 கடி. அந்த 47ல செத்தது 4 பேர். ஒரு ஊர்லயோ ஒரு நாட்டுலயோ இல்ல, மொத்த உலகத்துலயும் சேத்து. எக்கச்சக்கமா நடந்த வருஷம்னு சொல்ற 2015லயே 98தான்.

இதுக்கு பக்கத்துல வேற ஒரு நம்பர வச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியால 2023-24 ஒரே வருஷத்துல தண்ணில மூழ்கி செத்தவங்க 323 பேர். 2024 ஜனவரில மெல்பர்ன் பக்கம் பிலிப் ஐலண்டுல ஒரே நேரத்துல நாலு இந்தியர்கள் கடல்ல மூழ்கி செத்தாங்க, லைஃப்கார்ட் இல்லாத பீச். அன்னைக்கு அம்மா போன் பண்ணல. நம்ம ஆளுங்கள கொல்றது சுறா இல்லீங்க, ரிப்னு சொல்ற இழுவை, கரைல அடிச்ச தண்ணி திரும்ப கடலுக்குள்ள போறப்போ ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும்ல அது. பாக்குறதுக்கு அலையே இல்லாம அமைதியா இருக்கும், அட இங்க அலை கம்மியா இருக்கேன்னு குடும்பத்தோட கரெக்டா அங்கதான் எறங்குவோம்.

அதுக்காக இன்டர்நெட்ல சுத்துற எல்லா ஒப்பீட்டையும் நம்பிடாதீங்க. சுறால சாகுற வாய்ப்பு 40 லட்சத்துல ஒண்ணுன்னு ஒரு கணக்கு எல்லா எடத்துலயும் வரும். அது ஒரு நாட்டோட மொத்த ஜனத்தொகைய வச்சு வகுத்தது, அதுல வாழ்க்கைல கடலே பாக்காத ஆளும் இருப்பாரு, தெனமும் விடிகாலைல ஆத்து முகத்துவாரத்துல சர்ஃப் பண்ற ஆளும் இருப்பாரு, ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே ரிஸ்க் வரும். சராசரிங்கிறது நம்ம ஊரு குளத்துக்கு சராசரி ஆழம் இடுப்பளவுன்னு சொல்ற மாதிரி, அத நம்பி நடுக்கொளத்துல எறங்க முடியுமா. இன்னொன்னு, தேங்கா தலைல விழுந்து வருஷத்துக்கு 150 பேர் சாகுறாங்க, சுறாவ விட தேங்காதான் டேஞ்சர்னு ஒரு ஃபார்வர்ட். அந்த 150க்கு எந்த உருப்படியான ஆதாரமும் கெடையாது. தென்னந்தோப்புல கயித்து கட்டில் போட்டு தூங்கி வளந்தவன்ங்கிற முறைல எனக்கு இது கொஞ்சம் மானப் பிரச்சனையும் கூட.

சரி, அப்போ ரிஸ்க் யாருக்கு, எங்க, எப்போ. இதுதான் தெரிஞ்சுக்க வேண்டியது.

உலகத்துல 500க்கு மேல சுறா வகை இருக்கு. பெரும்பாலானது நம்மள பாத்தா ஓடுற சைஸ். மனுஷன கொல்ற அளவுக்கு கடிக்கிறதுன்னு பேர் வாங்குனது முக்கியமா மூணு: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, அப்புறம் காளைச் சுறா. இந்த மூணாவத இங்கிலீஷ் பேர அப்படியே புல் ஷார்க்னு எழுதுனா புல்லு மேயுற சுறான்னு நெனச்சுருவீங்க, அதனால காளைன்னே வச்சுக்கலாம். இது உப்புத்தண்ணி நல்லதண்ணி ரெண்டுலயும் இருக்கும், ஆத்துக்குள்ள பல நூறு கிலோமீட்டர் ஏறி வரும். குயின்ஸ்லாந்துல ஒரு கோல்ஃப் மைதானத்து ஏரில வெள்ளத்துல வந்து மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா ஒரு கூட்டமே இருந்துச்சு, பந்து தண்ணில விழுந்தா யாரும் எடுக்கப் போகமாட்டாங்க.

சிட்னி துறைமுகத்துக்குள்ள வர்றதும் இந்த காளைதான். வருஷம் பூரா இருக்காது, தண்ணி சூடாகுற கோடைல வடக்க குயின்ஸ்லாந்து பக்கத்துல இருந்து எறங்கி வரும், ஜனவரி பிப்ரவரில அதிகம், குளிர் ஆரம்பிக்கிறப்போ திரும்பிப் போயிரும். 2024 ஜனவரி கடைசில துறைமுகத்துல எலிசபெத் பேங்கிற எடத்துல ஒரு பொண்ணு படகுத்துறைக்கு பக்கத்துலயே நீந்துனாங்க, கோடைன்னால இருட்டு லேட்டா வரும்ல, ராத்திரி எட்டு மணி சுமார், அப்போதான் கால்ல கடி. பக்கத்துல இருந்தவங்க இழுத்துப் போட்டு, அங்க குடியிருந்த ஒரு கால்நடை டாக்டர் கட்டு போட்டு ரத்தத்த நிறுத்துனதால உயிர் பொழச்சாங்க. இந்த கடைசி விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அந்த ஒரு சம்பவத்துலயே பாதி பாடம் இருக்கு பாருங்க. கோடை, துறைமுகம், பொழுது சாயுற நேரம், தனியா நீந்துனது. இதோட இன்னும் கொஞ்சம் சேத்துக்கோங்க: பெரிய மழை பேஞ்சு ஆத்துத்தண்ணி கலங்கி கடல்ல கலக்குற ரெண்டு மூணு நாள், ஆத்து முகத்துவாரம், பறவைங்க கூட்டமா தண்ணில பாஞ்சு பாஞ்சு மீன் புடிக்கிற எடம் (அடில மீன் கூட்டம் இருக்குன்னு அர்த்தம், அப்போ அத திங்க யாரு வருவா), யாராவது தூண்டில் போட்டு மீன் கழிவ தண்ணில கொட்டுற எடம், செத்த திமிங்கலம் ஒதுங்குன பக்கம். மினுமினுக்கிற நகையும் வேணாம்பாங்க, வெளிச்சம் பட்டா மீன் செதில் மாதிரி தெரியுமாம். நம்ம வீட்ல கழட்ட மாட்டேன்னு அடம் பிடிக்கிற செயின், கொலுசு எல்லாம் கார்லயே இருக்கட்டும், சுறா வராட்டியும் அலை புடுங்கிட்டு போயிரும்.

பொண்ணுங்க பீரியட்ஸ் நேரத்துல கடல்ல எறங்குனா சுறா வரும்னு ஒரு பேச்சு, அதனால கடி அதிகமானதா எந்த ஆதாரமும் இல்ல. ஒரு சொட்டு ரத்தத்த ஒரு மைல் தூரத்துல மோப்பம் புடிக்கும்ங்கிறதும் ஏத்திச் சொன்னதுதான். மோப்பம் நல்லா இருக்கும், ஆனா வாசனையும் தண்ணியோட ஓட்டத்துலதான போகணும். அதுக்கு உண்மையிலயே இருக்கிற விசேஷம் மூக்க சுத்தி இருக்கிற குட்டி குட்டி ஓட்டைங்க, உள்ள ஜெல் மாதிரி இருக்கும், அதுல ஒரு உயிரோட தசை அசையுறப்போ வர்ற ரொம்ப சின்ன மின்சாரத்தக் கூட கிட்டத்துல உணரும்.

அப்புறம் ஏன்தான் கடிக்குதுன்னா, மனுஷன திங்கணும்னு வர்றது இல்லன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. 2021ல சிட்னி மெக்குவாரி யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி, இளவயசு வெள்ளைச் சுறாவோட கண்ணு வழியா கீழ இருந்து பாத்தா போர்டு மேல படுத்து கையால துடுப்பு போடுற ஆளும் கடல்நாயும் எப்படி தெரியும்னு வீடியோ எடுத்து பாத்தாங்க, அதுக்கு ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாதாம். எல்லா கடிக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. என்னடா இதுன்னு பாக்குறதுக்கு நாய்க்குட்டி செருப்ப கடிக்கிற மாதிரி ஒரு கடி கடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டு போறதும் உண்டு. பிரச்சனை என்னன்னா மூணு மீட்டர் நாய்க்குட்டி சும்மா கடிச்சுப் பாத்தாலே தொடைல பெரிய ரத்தக்குழாய் போயிரும். சுறா கடிச்சு சாகுறவங்க அனேகமா சுறாவுக்கு சாப்பாடாகி சாகல, ரத்தம் போயி சாகுறாங்க.

இப்போ பாதுகாப்பு. சிட்னி பீச்சுங்கள்ல 1937ல இருந்து சுறா வலை போடுறாங்க, நியூகாசில்ல இருந்து உல்லங்காங் வரைக்கும் 51 பீச். இத கேட்ட ஒடனே எல்லாரும் கற்பன பண்றது பீச்ச சுத்தி கோழிக்கூண்டு மாதிரி ஒரு வேலி. நானும் அப்படித்தான் நெனச்சேன். வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், அவ்ளோதான், நடுக்கடல்ல ஒரு துண்டு சேலைய காயப்போட்ட மாதிரி தொங்கும். மேலயும் போகலாம் கீழயும் போகலாம் சுத்தியும் போகலாம். அது தடுக்குறதுக்கு போட்டதில்ல, அந்தப் பக்கம் வர்ற சுறாவுல கொஞ்சத்த மாட்டவச்சு கொல்றதுக்கு போட்டது, கூடவே ஆமை, திருக்கை, டால்பின் எல்லாம் மாட்டும். வலை போட்ட பீச்சுல சாவு ரொம்ப அபூர்வம்னு ஆதரிக்கிறவங்க சொல்வாங்க, வாஸ்தவம்தான், ஆனா கடி நடந்திருக்கு, 2009 பிப்ரவரில பாண்டை பீச்சுலயே ஒரு சர்ஃபர் கைய இழந்தாரு.

எனக்கு இந்த வலைய பாக்குறப்போ எல்லாம் எங்க ஊர் கடல்கட்டி ஞாபகம் வரும். மன்னார் வளைகுடால முத்து குளிக்கிற காலத்துல சுறா வாய கட்டுறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பாரு, அவரு மந்திரம் சொன்னாத்தான் குளிக்கிறவங்க எறங்குவாங்க. மார்கோ போலோ கூட 700 வருஷத்துக்கு முன்னாடி இத எழுதி வச்சிருக்காரு, எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு அவங்களுக்கு கூலி, மந்திரம் பகலுக்கு மட்டும்தான், ராத்திரியானா கட்ட அவுத்துருவாங்க, அப்போதான் ராத்திரி திருட்டுத்தனமா முத்தெடுக்க எவனும் எறங்க மாட்டான். என்ன மூளை பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துலயும் சம்பளம் குடுத்து வச்சிருந்தாங்க, ஏன்னா அந்த ஆள் இல்லன்னா ஒருத்தரும் தண்ணில எறங்கல. சிட்னி வலையும் பாதி அந்த வேலதான் பாக்குதுன்னு என்னோட அபிப்பிராயம்.

இப்போ புதுசா வந்த ஏற்பாடுங்கதான் எனக்கு உருப்படியா தெரியுது. மேல ட்ரோன் பறக்கவிட்டு பாக்குறாங்க. கடல்ல 300க்கும் மேல ஸ்மார்ட் தூண்டில் போட்டிருக்காங்க, சுறா இரைய இழுத்த ஒடனே சிக்னல் போகும், ஆளுங்க படகுல வந்து அதுக்கு டேக் மாட்டி, ஆழத்துக்கு கொண்டுபோயி விட்டுருவாங்க. அப்புறம் அந்த டேக் மாட்டுன சுறா கரையோரம் இருக்கிற மிதவைக்கு 500 மீட்டர் கிட்ட வந்தா ஷார்க்ஸ்மார்ட் ஆப்ல நமக்கு மெசேஜ் வந்துரும். டேக் இல்லாத சுறா மெசேஜ் அனுப்பாதுங்கிறத மட்டும் மறந்துறக் கூடாது.

சர்ஃப் பண்றவங்க போர்டுல மாட்டிக்கிற மின்சார கருவி, காந்த வளையம், வாசனை மெழுகுன்னு கடைல விக்கும். 2018ல ஃப்ளிண்டர்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க அஞ்சு பொருள வெள்ளைச் சுறா முன்னாடி டெஸ்ட் பண்ணாங்க. ஒரே ஒரு மின்சார கருவிதான் நல்லா வேல செஞ்சுது, அது இல்லாதப்போ 96 சதவீதம் இரைய தின்ன சுறா, அது இருந்தப்போ 40 சதவீதம். பாதிக்கு மேல கொறஞ்சது பெரிய விஷயம், ஆனா 40ம் பூஜ்யம் இல்லையே. காந்தமும் மெழுகும் காசுக்கு கேடு.

குடும்பத்தோட போறவங்களுக்கு இவ்ளோ யோசனையே வேணாம். செவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும் குளிங்க, லைஃப்கார்ட் கண்ணு அங்கதான் இருக்கும். சைரன் அடிச்சு செவப்பு வெள்ளை கட்டம் போட்ட கொடி தூக்குனா கேள்வி கேக்காம கரையேறுங்க, வீடியோ கரைல இருந்து எடுத்துக்கலாம். சின்ன புள்ளைங்கன்னா பாறைய ஒட்டி கட்டிவச்ச கடல் குளம் சிட்னில நெறைய இருக்கு, பிரான்டி, கூஜி எல்லாம். கடல் தண்ணிதான், சுறா இல்ல, ரிப் இல்ல.

எல்லாத்தையும் மீறி சுறாவ நேர்ல பாத்துட்டீங்கன்னா? தண்ணிய அடிச்சு துடிக்காதீங்க, அடிபட்ட மீன் அப்படித்தான் துடிக்கும். அது மேல வச்ச கண்ண எடுக்காம, முதுக காட்டாம, மெதுவா பின்னாடியே கரைக்கோ படகுக்கோ போங்க. போர்டு இருந்தா நடுவுல வச்சுக்கோங்க. செத்த மாதிரி நடிக்கிறது எல்லாம் கரடிக் கதைல. கடிச்சு புடிச்சுருச்சுன்னா மூக்குல குத்துறத விட கண்ணுலயும் செவுள்லயும் குறி வைங்க, மூக்குக்கு கீழதான் வாய் இருக்கு, குறி தவறுனா கை உள்ள போயிரும்.

சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. பாண்டை கடிக்கு முந்தின நாள் காலைல, இதே சிட்னி துறைமுகத்துல பால் டி கெல்டர்னு ஒரு கடற்படை டைவர் பயிற்சில நீந்திட்டு இருந்தாரு. காளைச் சுறா வந்து தொடைய கடிச்சுது, அந்தப் பக்கத்து கையும் சேந்து வாய்க்குள்ள. கண்ண குத்தணும்னு அவருக்கு தெரியும், பயிற்சி வாங்குன ஆளு. குத்தலாம்னு கைய தூக்க பாத்தா கை வரல, அது சுறா வாய்ல இருக்கு. இன்னொரு கைல எட்டிப் பாத்தாரு, கண்ணு எட்டல. மூக்குல குத்துனாரு, சுறா ஒலுக்க ஆரம்பிச்சுது. எல்லாம் சில செகண்டுதான். அவர காப்பாத்துனது குத்து இல்ல. கூட இருந்த படகு ஒடனே வந்துது, சக வீரருங்க இழுத்துப் போட்டு தொடைல ரத்தத்த அழுத்தி நிறுத்துனாங்க. ஒரு கையும் ஒரு காலும் போச்சு, உயிர் இருக்கு, இப்போ சுறாவ காப்பாத்தணும்னு ஊர் ஊரா பேசிட்டு இருக்காரு.

அதனால சுறாகிட்ட சண்ட போடுறத பத்தி ஒரு நிமிஷம் படிச்சா, ரத்தத்த நிறுத்துறத பத்தி பத்து நிமிஷம் படிங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ரத்தம் காத்திருக்காது, தொடை ரத்தக்குழாய் கிழிஞ்சா கையில இருக்கிறது சில நிமிஷம்தான். கரைக்கு இழுத்து, அலை படாத எடத்துல படுக்கவச்சு, காயத்துமேல டவல், டிஷர்ட் எது இருக்கோ அத வச்சு முழு பலத்தோட அழுத்துங்க. ஒருத்தர் 000க்கு போன் அடிக்கட்டும், மொபைல்ல இருந்து 112 அடிச்சாலும் போகும். கைல கால்ல ரத்தம் பீறிட்டு வந்தா டூர்னிகே கட்டணும், அதாவது கட்டி முறுக்குற பட்டை. காயத்துக்கு அஞ்சு சென்டிமீட்டராவது மேல, முட்டி மூட்டுலயோ முழங்கை மூட்டுலயோ வராம, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும். வலில கத்துவாங்க, பாவம்னு தளத்திறக் கூடாது. கட்டுன நேரத்த குறிச்சு வைங்க, டாக்டர் கேப்பாங்க.

பட்டை இல்லன்னா? இதுக்கு ஆஸ்திரேலிய நேஷனல் யுனிவர்சிட்டி டாக்டர் ஒருத்தர் ரொம்ப எளிமையா ஒண்ணு கண்டுபுடிச்சு சொன்னாரு. கால்ல கடின்னா, ஆள மல்லாக்க போட்டு, இடுப்பு எலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் சரி நடுவுல தொடை மடிப்புல ஒங்க முஷ்டிய வச்சு, கைய நேரா நீட்டி, ஒடம்பு வெயிட்ட முழுசா எறக்குங்க. டெஸ்ட் பண்ணப்போ கால் ரத்த ஓட்டத்துல 90 சதவீதம் கிட்ட நின்னே போச்சு. சர்ஃப் போர்டு கயித்த எடுத்து கட்டுனா பாதி கூட நிக்கல. எந்த பொருளும் வேணாம், கூச்சப்படாம அந்த எடத்துல கைய வைக்கணும், நம்ம ஆளுங்களுக்கு அதுதான் கஷ்டம்.

நம்ம வழக்கத்துல கூடாத ரெண்டு விஷயம் இருக்கு. அடிபட்டவருக்கு தண்ணி குடு, சோடா குடுன்னு ஒருத்தர் வருவாரு, எதுவும் குடுக்காதீங்க, ஆபரேஷன் இருக்கும். கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டலாம்னு இன்னொருத்தர் வருவாரு, ரத்தத்த நிறுத்தாம தூக்குனா வழியிலயே முடிஞ்சுரும். நீச்சல் டிரஸ்ஸ கழட்டாம, மேல போர்வை போத்தி சூடா வச்சு ஆம்புலன்ஸுக்கு காத்திருங்க.

இதெல்லாம் படிச்சதுல போன மாசம் ஒரு டூர்னிகே வாங்கி கார் டிக்கில போட்டேன். சுறாவுக்குன்னு இல்ல, ரோட்ல ஆக்ஸிடென்ட்டுக்கும் அதேதான். பேக்கட் பிரிச்சு ஒரு தடவையாவது கட்டிப் பாக்கணும்ல, சோபால ஒக்காந்து என் தொடைலயே கட்டி முறுக்கிட்டு இருக்கேன், பொண்ணு ஸ்டாப்வாட்ச் புடிச்சிருக்கா, ரெண்டாவது தடவ 40 செகண்ட், மொத தடவ சொல்ற மாதிரி இல்ல. அந்த நேரம் பாத்து அம்மா வீடியோ கால். கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு கேட்டாங்க, "ஏல, பிரஷர் கால்லயா பாப்பாக?"